நாள்பட நின்ற டீசல் எஞ்சின் கிளம்பவில்லையா?



நம் சங்க இதழில் வரி, உரிமம், எடைக்கல் முத்திரை, கொள்முதல் நிலவரம் ஆகியவற்றையே பெரும்பாலும் எழுதி வருகிறோம். இம்முறை டீசல் எஞ்சினைப் பற்றி எழுதுகிறோம். மொத்த வியாபாரிக்கும் எஞ்சினுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். இராமநாதபுரம் முதல் இராமேசுவரம் வரை நம் கடற்கரையில் கடை வைத்திருக்கும் எவருக்கும் இரண்டு வகையில் சம்பந்தம் உண்டு.

முதலாவது, மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாமல் நிறுத்தி வைப்பது தமிழ்நாட்டில் 2001ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. தொடக்கத்தில் 45 நாளாக இருந்தது. 2017ஆம் ஆண்டு முதல் நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாளாகி விட்டது. அந்த 61 நாளும் இராமேசுவரம், பாம்பன், மண்டபம் கரையில் உள்ள படகுக் குடும்பங்களுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் கணக்கில் எழுதித்தான் கொடுக்கிறோம். படகு மறுபடி கடலுக்குப் போய் வந்தால்தான் அந்தப் பாக்கி வசூலாகும். வாரத்தில் மூன்று நாள் மட்டுமே விசைப்படகு போகும் முறை உள்ள பாக் நீரிணைப் பக்கத்தில், எஞ்சின் கிளம்பாமல் ஒரு நாள் தவறினாலே அந்த வாரத் தொழிலில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். படகுக்காரருக்குப் போவது ஐஸ் கம்பெனிக்கும் போகிறது, மீன் கமிஷன் கடைக்கும் போகிறது, கடைசியில் நம் கல்லாவுக்கும் போகிறது.

இரண்டாவது, நம் சொந்தக் கடை ஜெனரேட்டர். 2012ஆம் ஆண்டை ஒட்டி நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு இருந்தபோது ஊரெங்கும் கடைக்குக் கடை ஜெனரேட்டர் வாங்கினோம். பிறகு மின்சாரம் சீரானதும் அவை கிட்டங்கியின் பின்பக்கம் சாக்கு மூட்டைகளுக்கு நடுவே நின்று விட்டன. மாதக்கணக்கில் தொடாத எஞ்சினைப் புயல் அடித்த இரவில் தேடிப் போகிறோம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது டெல்டா மாவட்டங்களில் பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. குளிர்பதனப் பெட்டியில் பாலும் ஐஸ்கிரீமும் மருந்தும் வைத்திருப்பவர்களுக்கு அந்த நேரத்தில் ஜெனரேட்டர் ஓடுவதும் ஓடாததும் ஒரு மாத லாபத்தைத் தீர்மானித்து விடும்.

இக்கட்டுரையில் நாம் சொல்ல வருவது ஒன்றுதான். நல்லபடியாக ஓடிக் கொண்டிருந்த நிலையில் நிறுத்திய எஞ்சின், நின்ற இடத்தில் பெரிதாகக் கெட்டுப் போவது குறைவு. கிளம்பாததற்குக் காரணம் பெரும்பாலும் சில நூறு ரூபாயில் தீரும் சிறு கோளாறாகவே இருக்கும். அவசரப்பட்டுத் தப்பான இடத்தில் கை வைப்பதால்தான் அது ஆயிரக்கணக்கில் செலவாகிறது. ஆகவே எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது என்ற வரிசை தெரிந்திருந்தால் போதும். மெக்கானிக் வேலை நமக்குத் தெரிய வேண்டியதில்லை.

டீசல் எப்படிப் பற்றுகிறது?

பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி கொடுக்கும் பிளக் இருக்கிறது. டீசல் எஞ்சினில் அது கிடையாது. 1897ஆம் ஆண்டு ஜெர்மனியில் ருடால்ப் டீசல் ஓட்டிக் காட்டிய எஞ்சின் முதல் இன்றைய ஜெனரேட்டர் வரை தத்துவம் ஒன்றே. சிலிண்டருக்குள் வரும் காற்றைப் பிஸ்டன் பதினாறில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு என்ற அளவுக்கு நெருக்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பு சூடாவதைக் கவனித்திருப்பீர்கள். அதுபோலவே நெருக்கப்பட்ட காற்று 500 டிகிரிக்கு மேல் சூடாகிறது. அந்தச் சூட்டில் நாசில் வழியாக டீசல் பனிபோலத் தெளிக்கப்படும்போது தானே பற்றிக் கொள்கிறது.

ஆகவே எஞ்சின் கிளம்ப மூன்று விஷயம் வேண்டும். ஒன்று, போதிய வேகத்தில் சுற்ற வேண்டும்; மெதுவாகச் சுற்றினால் காற்று ரிங் வழியே கசிந்தும், சூடு சிலிண்டர் சுவரில் இறங்கியும் போய்விடும். இரண்டு, காற்றுக் கலக்காத சுத்தமான டீசல் உரிய அழுத்தத்தில் வர வேண்டும். மூன்று, உள்ளே போகும் காற்றும் வெளியேறும் புகையும் தடையின்றிப் போக வேண்டும், நெருக்கிய காற்று கசியக் கூடாது. நாள்பட நின்ற எஞ்சினில் பெரும்பாலும் முதல் இரண்டில்தான் குறை வரும். மூன்றாவதில் வருவது குறைவு. சோதனையின் வரிசையும் இதுவே.

நிற்கும்போது என்ன நடக்கிறது?

பாதி காலியான டேங்கில் மேல் பாதி காற்று நிற்கிறது. பகலில் டேங்க் சூடாகிக் காற்று வெளியேறுகிறது; இரவில் குளிர்ந்து வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. நம் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். அந்த ஈரம் டேங்கின் உட்சுவரில் வியர்த்து, சொட்டாக இறங்கி, டீசலை விடக் கனமானதால் அடியில் தங்குகிறது. 61 இரவு இப்படி நடந்தால் அடியில் தண்ணீர் சேர்வதில் வியப்பில்லை. டீசலும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் பூஞ்சையும் நுண்ணுயிர்களும் வளரும். அவை கறுப்பாக வழவழவென்று பாசி போலப் படிந்து பில்டரை அடைக்கும்.

டீசல் பம்பின் உள்ளே பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லி மீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான். தலைமுடியின் கனத்தோடு ஒப்பிட்டால் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. அதற்கு மசகு போடுவதும் டீசல்தான். அங்கே தண்ணீர் போய் நின்றால் துருப்பிடித்து ஒட்டிக் கொள்ளும்.

பைப்பு மூட்டுகளில் உள்ள வாஷர் காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத கசிவு வழியே டீசல் டேங்குக்குத் திரும்பி, அந்த இடத்தில் காற்று புகும். பேட்டரி தானாகவே சார்ஜ் இறங்கும். வெயில் காலத்தில் இன்னும் விரைவாக இறங்கும். உப்புக் காற்றில் டெர்மினல் பூத்துப் போகும். எஞ்சின் ஆயில் முழுதும் கீழே இறங்கி, மேல் பாகங்கள் காய்ந்து நிற்கும். கிட்டங்கியில் நிற்கும் ஜெனரேட்டருக்கு இன்னும் இரண்டு விருந்தாளிகள் உண்டு: ஏர் கிளீனரில் கூடு கட்டும் எலி, டேங்கின் காற்றுத் துவாரத்தில் மண்கூடு கட்டும் குளவி. பலசரக்குக் கடைக்காரர்களுக்கு எலியைப் பற்றி நாம் சொல்லித் தர வேண்டியதில்லை.

சாவியைத் தொடும் முன்

கிளம்புகிறதா பார்ப்போம் என்று உடனே செல்ப் அடிப்பது வேண்டாம். முதலில் ஐந்து காரியம் செய்ய வேண்டும்.

1. ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். அளவு சரியாக இருக்க வேண்டும். ஆயில் பால் கலந்த தேநீர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அளவு கூடி, டீசல் வாடை அடித்தால் டீசல் இறங்கியிருக்கிறது. இரண்டிலும் எஞ்சினைச் சுற்றக் கூடாது. காரணம் கண்டு, ஆயிலை மாற்றிய பிறகுதான் அடுத்த வேலை.

2. ரேடியேட்டர் தண்ணீர், பெல்ட், ஹோஸ் பாருங்கள். கடல்நீரால் குளிரும் படகு எஞ்சினில், காய்ந்து வெடித்த ரப்பர் இம்பெல்லரையும் பாருங்கள்.

3. சைலன்சர் வாயையும் ஏர் கிளீனரையும் பாருங்கள். மேல் நோக்கிய புகைக்குழாய் மூடியில்லாமல் நின்றிருந்தால் மழைத் தண்ணீர் சிலிண்டருக்குள்ளேயே இறங்கியிருக்கலாம்.

4. டேங்க், பில்டர் இரண்டின் அடி வடிகாலையும் திறந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்து, கால் மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தண்ணீர் தனியாகத் தெரியும். சுத்தமான டீசல் வரும்வரை வடித்து விடுங்கள். புது டீசல் ஊற்றுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும்; ஊற்றிய பிறகு செய்தால் அடியில் இருந்த அழுக்கெல்லாம் கலங்கி பில்டருக்கு வந்து விடும்.

5. பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்து, ஸ்டாப் லிவரை இழுத்து, எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் எல்லா வேலையும் ஒருமுறை நடந்து முடிய இரண்டு சுற்று வேண்டும். தடையில்லாமல் சுற்றினால் நல்லது. ஓர் இடத்தில் சுவரில் முட்டியது போல டக்கென்று நின்றால் பலம் காட்ட வேண்டாம். காற்றை நெருக்க முடியும், தண்ணீரை நெருக்க முடியாது. பிஸ்டன் மேல் தண்ணீர் நிற்கும்போது செல்ப் அடித்தால் கனெக்டிங் ராடு வளைந்து விடும். மெக்கானிக்கை வைத்து நாசில்களைக் கழற்றிவிட்டு மெதுவாகச் சுற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும்.

எஞ்சின் அசையவே இல்லை என்றால் ரிங் சிலிண்டர் சுவரில் துருவால் ஒட்டியிருக்கலாம். நாசில் துவாரம் வழியாகச் சிறிது ஆயில் விட்டு, ஓர் இரவு ஊற வைத்து, மறுநாள் முன்னும் பின்னும் மெல்ல அசைத்தால் பல நேரம் விட்டுக் கொடுக்கும். சம்மட்டியும் நீண்ட கடப்பாரையும் இந்த வேலைக்கு வேண்டாம்.

செல்ப் சுற்றவில்லை அல்லது மெதுவாகச் சுற்றுகிறது

டக் டக் என்ற சத்தம் மட்டும் வந்தால் பேட்டரியையும் டெர்மினலையும் பார்க்க வேண்டும். 12 வோல்ட் பேட்டரி, சும்மா நிற்கும்போது 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 12க்குக் கீழே போனால் சார்ஜ் போட்டே ஆக வேண்டும். செல்ப் அடிக்கும் நேரத்தில் 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம். 24 வோல்ட்டுக்கு இவற்றை இரட்டித்துக் கொள்ளவும். இதைப் பார்க்கும் மீட்டர் எலக்ட்ரிக்கல் கடைகளில் சிறு விலைக்கே கிடைக்கிறது; ஜெனரேட்டர் உள்ள ஒவ்வொரு கடையிலும் ஒன்று இருப்பது நல்லது.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றி, ஆப்ப சோடா கலந்த வெந்நீரால் கழுவி, துடைத்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். பேட்டரி அருகில் பீடி, தீக்குச்சி ஆகாது. எஞ்சின் பாடியில் இறங்கும் எர்த் ஒயரின் மறுமுனையை எவரும் பார்ப்பதில்லை. உப்புக் காற்றில் முதலில் அரிப்பது அதுதான்.

நன்றாகச் சுற்றுகிறது, பற்றவில்லை

இந்த இடத்தில்தான் பலர் பம்பைக் கழற்றச் சொல்லி விடுகிறார்கள். எங்கள் கடைத்தெருவில் ஓர் அன்பரின் ஜெனரேட்டர் பம்பு கழற்றப்பட்டு வெளியூர் ஒர்க்ஷாப்புக்குப் போய், சில நாள் கழித்துப் பெரிய பில்லோடு திரும்பி வந்தது. மாட்டியும் எஞ்சின் கிளம்பவில்லை. கடைசியில் பார்த்தால், ஸ்டாப் லிவர் துருப்பிடித்து நிறுத்தும் நிலையிலேயே நின்றிருந்தது. ஒரு சொட்டு எண்ணெயில் முடிந்திருக்க வேண்டிய வேலை.

ஆகவே முதலில் ஸ்டாப் லிவரும், மின்சாரத்தால் வேலை செய்யும் ஸ்டாப் சொலினாய்டும் ஓடும் நிலைக்கு முழுதாகத் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். ஜெனரேட்டர் பேனலில் சிவப்பு அவசர பொத்தான் அழுத்தியபடி இருக்கிறதா, டேங்க் டேப் திறந்திருக்கிறதா, டேங்க் மூடியின் காற்றுத் துவாரம் அடைபட்டிருக்கிறதா, ஒயரை எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். இவற்றுக்கு ஸ்பானர்கூட வேண்டாம்.

அடுத்து, ஒருவர் செல்ப் அடிக்க மற்றொருவர் புகைக்குழாயைப் பார்க்கட்டும். செல்ப் ஒரு தடவைக்கு 10 நொடிக்கு மேல் வேண்டாம். இரண்டு நிமிடம் ஆறவிட்டு அடுத்த தடவை. ஈரச் சைலன்சர் உள்ள படகு எஞ்சினில், பற்றாமல் திரும்பத் திரும்பச் சுற்றினால் கடல்நீர் சைலன்சரில் நிறைந்து எஞ்சினுக்குள் ஏறும். ஆகவே சோதனையின்போது கடல்நீர் வால்வை மூடி வைத்து, எஞ்சின் பற்றியவுடன் மறவாமல் திறக்க வேண்டும்.

புகையே இல்லை என்றால் டீசல் சிலிண்டருக்கு வரவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் வருகிறது, ஆனால் பற்றவில்லை. சுற்றும் வேகம் குறைவு, டீசலில் தண்ணீர், அல்லது கம்பிரஷன் குறைவு என்று பொருள். கறுப்புப் புகை என்றால் காற்று போதவில்லை; ஏர் கிளீனரைப் பாருங்கள். நாம் பார்த்த வரையில் நாள்பட நின்ற எஞ்சினில் அடிக்கடி வருவது முதல் வகை.

காற்றை வெளியேற்றும் முறை

டீசல் பைப்பில் காற்றுப் புகுந்தால், பம்பு அந்தக் காற்றை நெருக்கிக் கொண்டே இருக்குமே தவிர நாசிலைத் திறக்கும் அழுத்தம் வராது. இதைத்தான் ஏர் லாக் என்கிறோம். பழைய மாதிரி எஞ்சினில் இதை நீக்குவது இப்படி.

முதலில் பில்டரை மாற்றுங்கள். இரண்டு மாதத்துக்கு மேல் நின்ற எஞ்சினுக்குப் புது பில்டர் வீண் செலவல்ல. பில்டருக்குள் சுத்தமான டீசல் நிரப்பி மாட்டவும். பில்டர் தலையில் உள்ள காற்றுத் திருகை இரண்டு சுற்றுத் தளர்த்தி, பீட் பம்பில் உள்ள கைப்பம்பை அடியுங்கள். முதலில் நுரையாக வரும். பிறகு குமிழி இல்லாமல் டீசல் மட்டும் வரும். அப்போது அடித்துக் கொண்டே திருகை மூடுங்கள். இதையே டீசல் பம்பில் உள்ள காற்றுத் திருகிலும் செய்யுங்கள். கைப்பம்பு எவ்வளவு அடித்தும் குமிழி நிற்கவில்லை என்றால், டேங்குக்கும் பம்புக்கும் இடையில் ஏதோ ஒரு மூட்டு காற்றை இழுக்கிறது. வாஷரை மாற்ற வேண்டும்.

பின்பு நாசில் முனையில் பைப்பு நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி, செல்ப் அடித்து, டீசல் சொட்டாகத் துள்ளி வரும்போது இறுக்குங்கள். இங்கே கவனம் தேவை. நாசிலிலிருந்து பீறிடும் டீசலின் அழுத்தம் ஒரு சதுர செண்டி மீட்டருக்கு 200 கிலோ அளவில் இருக்கும். அது தோலைத் துளைத்து உடலுக்குள் ஏறும். சிறு புள்ளி போலத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது. கையை அருகில் கொண்டு போக வேண்டாம்.

கணினிப் பெட்டியோடு வரும் காமன் ரெயில் வகைப் புது எஞ்சின்களில் இந்த நாசில் பைப்பு வேலையைச் செய்யவே கூடாது. அவற்றில் அழுத்தம் இன்னும் பல மடங்கு அதிகம். பில்டர், பேட்டரி வரை நாம் பார்க்கலாம். அதற்கு மேல் கம்பெனி ஆள்தான் வர வேண்டும்.

டீசல் நாசில் வரை வராமல் பம்பிலேயே நின்றால், பம்பின் உள்ளே டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ராக் என்ற கம்பி ஒட்டியிருக்கலாம். இது நின்ற எஞ்சின்களில் வழக்கமாக வரும் கோளாறு. விவரம் தெரிந்த மெக்கானிக், பம்பைக் கழற்றாமலேயே பக்க மூடியைத் திறந்து, எண்ணெய் விட்டு மெல்ல அசைத்து விடுவித்து விடுவார். அதுவும் பலிக்காவிட்டால் பம்பு, நாசில் சோதனை. கம்பிரஷன் சோதனை அதற்கும் அடுத்தது. எஞ்சினைப் பிரிப்பது எல்லாவற்றுக்கும் கடைசி.

செய்யக் கூடாதவை

பெட்ரோல் நனைத்த துணியை ஏர் கிளீனர் வாயில் வைத்துக் கிளப்புவது நம் பக்கம் பலர் செய்வது. பெட்ரோல் நேரங்கெட்ட நேரத்தில் வெடித்துப் பற்றுவதால் பிஸ்டனும் ரிங்கும் உடையும். கை, முகம் வெந்து போகும். ஈதர் ஸ்பிரேயும் அப்படியே. ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் அது வெடிகுண்டுக்குச் சமம்.

ஹேண்டில் போட்டுச் சுற்றும் சிறிய எஞ்சினில் கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடிக்க வேண்டும். எஞ்சின் திருப்பி அடித்தால் மணிக்கட்டு முறியும்.

ஜெனரேட்டரை மூடிய அறையில் ஓட்டிப் பார்க்கக் கூடாது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ஆளை மயக்கிக் கொன்று விடும். புயல் இரவில் கதவு ஜன்னலைச் சாத்திக் கொண்டு ஓட்டும்போதுதான் இந்த ஆபத்து அதிகம்.

சேஞ்ச் ஓவர் சுவிட்சு இல்லாமல் ஜெனரேட்டர் மின்சாரத்தை நேராகக் கடை லைனில் கொடுப்பது மிகப் பெரிய தவறு. அது தெருக் கம்பிக்கு ஏறி, டிரான்ஸ்பார்மரில் உயர் அழுத்தமாக மாறும். புயலில் அறுந்த கம்பியைச் சரி செய்ய வரும் மின்வாரியத் தொழிலாளியின் உயிருக்கு அது உலையாகும்.

கிளம்பிய பிறகு

முதல் தடவை கிளப்பும் முன், ஸ்டாப் லிவரை இழுத்துப் பிடித்து, ஆயில் அழுத்தம் முள் ஏறும்வரை விட்டு விட்டுச் செல்ப் அடித்தால் காய்ந்த பாகங்களுக்கு ஆயில் ஏறிவிடும். பிறகு கிளப்பவும். கிளம்பியதும் ஆக்ஸிலேட்டரை முறுக்க வேண்டாம். சில நொடியில் ஆயில் அழுத்தம் காட்டாவிட்டால் உடனே நிறுத்தவும். 10 நிமிடம் லோடு இல்லாமல், பிறகு படிப்படியாக லோடு ஏற்றவும். முதல் சில நிமிடம் வெள்ளைப் புகை வருவது இயல்பு. சூடேறியும் நிற்காவிட்டால் நாசிலைக் காட்டவும். அரை மணி ஓடிய பின் நிறுத்தி, கசிவு, ஆயில் அளவு, பில்டர் அடித் தண்ணீர் மூன்றையும் மறுபடி பாருங்கள்.

மெக்கானிக்கிடம் பேசும் முறை

எஞ்சின் எப்போது நின்றது, எவ்வளவு நாள் நின்றது, செல்ப் வேகம் எப்படி, புகை என்ன நிறம், என்ன மாற்றினோம் என்ற ஐந்தையும் ஒரு நோட்டில் குறித்து வைத்துக் காட்டுங்கள். வைத்தியரிடம் நோயைச் சரியாகச் சொன்னால் பாதி குணம் என்பது இங்கும் பொருந்தும். பம்பைக் கழற்ற வேண்டும் என்று அவர் சொன்னால், டீசல் எதுவரை வருகிறது என்று பார்த்தாகி விட்டதா என்று மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள். கழற்றிய பழைய சாமானைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். பில்டர், வாஷர் எல்லாம் பில்லோடு, அறிந்த கடையில் வாங்குங்கள். போலி பில்டர் விலையில் மிச்சம் பிடித்து, பம்பில் அதை வசூல் செய்து விடும்.

நிறுத்தும்போதே செய்ய வேண்டியது

டேங்கை நிறைத்து நிறுத்துவது நல்லது. காற்றுக்கு இடமில்லாவிட்டால் ஈரத்துக்கும் இடமில்லை. இரண்டு மாதம் டீசலில் பணம் முடங்குகிறதே, கரையில் திருட்டுப் பயமும் இருக்கிறதே என்று படகுக்காரர்கள் சொல்வது நியாயம்தான். நிறைக்க முடியாவிட்டால், கிளப்பும் முன் அடியை வடித்துப் பார்ப்பதையாவது கட்டாயம் ஆக்கிக் கொள்ள வேண்டும். ஜெனரேட்டர் டீசலை ஆண்டுக்கணக்கில் வைக்கக் கூடாது. ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் செலவழித்து விட வேண்டும். முதலில் வந்த சரக்கு முதலில் போக வேண்டும் என்ற நம் கிட்டங்கி விதி டீசலுக்கும் உண்டு.

கறுத்த ஆயிலை மாற்றிவிட்டு நிறுத்துங்கள்; பழைய ஆயிலில் சேர்ந்துள்ள அமிலம் நிற்கும் காலத்தில் பேரிங்கை அரிக்கும். பேட்டரி ஒயரைக் கழற்றி, மாதம் ஒரு முறை சார்ஜ் ஏற்றுங்கள். புகைக்குழாய்க்குத் தகர மூடி போடுங்கள். எல்லாவற்றையும் விட நல்லது, 15 நாளைக்கு ஒரு முறை அரை மணி நேரம் லோடு கொடுத்து ஓட்டுவது. லோடு இல்லாமல் ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்துவதால் எஞ்சின் சூடேறாமல், எரியாத டீசலும் கரியும் படிந்து கெடுதலே உண்டாகும். கடையின் விளக்கு, மின்விசிறி, குளிர்பதனப் பெட்டி எல்லாவற்றையும் அந்த அரை மணி ஜெனரேட்டரில் ஓட்டுங்கள்.

வணிகர்கள் வைத்துக் கொள்ள வேண்டிய நாள்காட்டி

படகு எஞ்சின்களுக்கு ஜூன் முதல் வாரமே சோதனைக்கு உரிய காலம். ஜூன் 12, 13 தேதிகளில் எல்லாரும் ஒரே நேரத்தில் கிளப்பிப் பார்ப்பதால் மெக்கானிக்கும் கிடைப்பதில்லை, உதிரிபாகமும் கிடைப்பதில்லை. கணக்கு வைத்திருக்கும் படகுக்காரர்களிடம் மே மாதக் கடைசியிலேயே இதை நாம் ஞாபகப்படுத்தினால் அவர்களுக்கும் நல்லது, நம் வசூலுக்கும் நல்லது. உதிரிபாகமும் பேட்டரியும் விற்கும் நம் அன்பர்கள் பில்டர், செம்பு வாஷர், இம்பெல்லர், பெல்ட் ஆகியவற்றை மே மாதத்துக்குள் இருப்பு வைப்பது வியாபாரத்துக்கும் ஊருக்கும் உதவும்.

கடை ஜெனரேட்டர்களுக்கு, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் செப்டம்பரில் ஒரு முழுச் சோதனை செய்து விடுங்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலைப் பார்த்த கடற்கரை இது. அடுத்த புயல் எந்த ஆண்டு வரும் என்று எவரும் சொல்ல முடியாது; ஐப்பசி, கார்த்திகை, மார்கழி வரும் என்பது மட்டும் நிச்சயம். அதற்கு முன் கடைப் பையன் ஒருவருக்காவது இந்த வரிசையைச் சொல்லிக் கொடுத்து, எழுதி, ஜெனரேட்டர் பக்கத்தில் ஒட்டி வைக்குமாறு சங்க உறுப்பினர்கள் அனைவரையும் கேட்டுக் கொள்கிறோம்.